பூக்காரன் தலைக்கு வராத கிரீடம்

மாதச் சீட்டு கட்டியவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகப் புரியும். இருபது மாதம் தவறாமல் பணம் கட்டுவோம். நடுவில் யார் ஏலம் எடுத்தாலும், எவ்வளவு தள்ளிப்போனாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டோம். கடைசி மாதம் நெருங்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்ளும். கட்டிய பணம் முழுசாகக் கைக்கு வருமா?

தொடர் படங்களின் கடைசிப் பாகமும் அப்படித்தான். முதல் பாகத்தில் நம்மிடமிருந்து நேரத்தையும் ஆசையையும் வாங்கிக்கொள்கிறார்கள். 'இவன் யார், அவள் ஏன் அழுதாள், கிரீடம் யாருக்கு' என்று நூறு கேள்விகளை நம் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடைசிப் பாகம் வந்து கணக்கைத் தீர்க்க வேண்டும்.

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் அந்தக் கணக்கைத் தீர்த்ததா? படம் பார்த்துவிட்டு வந்த பல வீடுகளில், குறிப்பாக நாவல் படித்த பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடுகளில், பதில் 'இல்லை' என்றுதான் வந்தது. 'நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ குறையுது' என்று அந்த 'இல்லை'யைச் சொன்னார்கள். அந்த 'என்னமோ' எது என்று கொஞ்சம் பார்ப்போம்.

தடைக்காலத்தில் வந்த படம்

2022 செப்டம்பர் 30-ல் முதல் பாகம். 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம். நடுவில் ஏழு மாதம்.

இரண்டாம் பாகம் வந்த அந்த வெள்ளிக்கிழமை காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிப்பதும், வலையைச் சரிபார்ப்பதும், இன்ஜினைப் பிரித்து மாட்டுவதுமாக ஓடுகிற நாட்கள். வருமானம் இல்லை, ஆனால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிகிற நேரம். குடும்பத்தோடு ஒரு படம் போகலாம் என்று வட சென்னையில் பேச்சு எழுவது இந்த நாட்களில்தான்.

அப்படிப் போவது முன்போல் சுலபமும் இல்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற, தலைமுறைகள் கண்ட ஒரு பெரிய தியேட்டர் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ நாலு பேர் கிளம்பினால் ஆட்டோ, டிக்கெட், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று கணக்கு ஏறும். தடைக்காலத்தில் கையிருப்பைக் கரைத்துப் பார்க்கிற படம் அது. அதனால் 'குறையுது' என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் சினிமா விமர்சனம் என்று தள்ளிவிட முடியாது.

முதல் பாகம் வாங்கிய கடன்

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். கல்கியின் நாவல் ஐந்து பாகங்கள். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'கல்கி' இதழில் மூன்றரை ஆண்டு ஓடிய தொடர்கதை. 1958-லேயே எம்.ஜி.ஆர். இதன் உரிமையை வாங்கினார். அவராலும் எடுக்க முடியவில்லை. அதைத் திரைக்குக் கொண்டுவந்ததே மணிரத்னம் குழுவின் பெரிய சாதனை. முதல் பாகத்துக்கு நான்கு தேசிய விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம், ஏ.ஆர்.ரஹ்மானின் பின்னணி இசை, ரவி வர்மனின் ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்கு.

முதல் பாகம் முடிந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? புயலில் கப்பல் மூழ்குகிறது. அருள்மொழியும் வந்தியத்தேவனும் தண்ணீருக்குள். அவர்களை நோக்கி ஒரு வயதான பெண் நீந்தி வருகிறாள். பார்த்தால், நந்தினியின் முகம்! தியேட்டரே 'ஹா' என்றது. அந்த ஒரு காட்சி ஏழு மாதத்துக்கு நம்மைக் காத்திருக்க வைத்தது.

இரண்டாம் பாகம் அந்தக் கடனில் ஒரு பகுதியை நன்றாகவே அடைத்தது. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியை யாரும் குறை சொல்லவில்லை. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அங்கே கொடுத்த நடிப்பு, நாவல் படித்தவர்களையே அசைத்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உச்சம் அங்கேயே தொட்டுவிட்டது. ஆனால் கதை இன்னும் முடியவில்லை. மீதி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? படம் தேர்ந்தெடுத்தது ஒரு போர். ராஷ்டிரகூடர்களுடன் சண்டை. நாவலில் இல்லாத போர் அது. குதிரைகள், யானைகள், புழுதி எல்லாம் இருந்தன. நமக்கு வேண்டிய சிலர்தான் அங்கே இல்லை.

காணாமல் போனவர்கள்

நாவலைப் படித்தவர்களிடம் கேளுங்கள். கடைசி அத்தியாயம் யாருடையது? சோழ மன்னனுடையது அல்ல. மணிமேகலையுடையது. கடம்பூர்ச் சம்புவரையரின் மகள். வந்தியத்தேவனை மனதில் வரித்து, அவன் மேல் விழவேண்டிய கொலைப்பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் துணிந்த பெண். அவள் வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுவதோடுதான் கல்கி அந்தப் பெரிய கதையை முடிக்கிறார். படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது.

அடுத்தது சேந்தன் அமுதன். தஞ்சாவூர்க் கோட்டைக்கு வெளியே, வாய் பேசாத வாணி அம்மையின் மகனாக வளர்கிறவன். நந்தவனத்தில் பூப்பறித்து, மாலை கட்டி, கோயிலுக்குக் கொடுப்பது அவன் வேலை. சண்டை தெரியாது, தேவாரம் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்த வந்தியத்தேவனுக்குத் தன் குடிசையில் இடம் கொடுத்ததற்காகச் சிறைக்கும் போகிறான். படத்தில் இவன் சில காட்சிகளில் வந்து போகிறான், அவ்வளவுதான்.

நாவலில் இவன் யார் தெரியுமா? செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். சோழ சிம்மாசனத்துக்கு உரியவன். அரண்மனையில் இளவரசனாக வளர்ந்த மதுராந்தகன் மாற்றி வைக்கப்பட்ட பிள்ளை. பட்டாபிஷேக நாளில், எல்லோரும் அருள்மொழி முடிசூடப் போகிறான் என்று காத்திருக்கும்போது, அவன் கிரீடத்தை எடுத்துச் சேந்தன் அமுதன் தலையில் வைத்துவிடுகிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று கல்கி பெயர் வைத்தது சும்மா இல்லை.

படத்திலும் அருள்மொழி கிரீடத்தை விட்டுக்கொடுக்கிறான். ஆனால் அது போவது, அரண்மனையிலேயே பிறந்து, அரண்மனையிலேயே வளர்ந்து, கிரீடத்துக்காகவே சதி செய்த மதுராந்தகனின் தலைக்கு. ஒரு இளவரசன் இன்னொரு இளவரசனுக்கு விட்டுக்கொடுத்தான். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் பூக்காரன் வீட்டுக்கு வந்த கிரீடம் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டது.

படகுக்காரப் பெண் அரசியாகிறாள்

இந்த இடத்தில்தான் காசிமேட்டுக்கும் பொன்னியின் செல்வனுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

பூங்குழலியை நினைத்துப் பாருங்கள். கோடியக்கரை கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தன்னந்தனியாகப் படகு ஓட்டி நடுக்கடலுக்குப் போகிறவள். கடல் சீறினால் பயப்படாமல் பாடுகிறவள். தமிழின் புகழ்பெற்ற சரித்திரக் கதையில், கடலோரத்துப் பெண் ஒருத்தி கையில் துடுப்போடு இவ்வளவு கம்பீரமாக நிற்பது சாதாரண விஷயமில்லை. முதல் பாகத்தில் ஐஸ்வர்யா லட்சுமி அந்தப் படகில் வந்தபோது, கடற்கரைக் குப்பங்களில் பிறந்த பெண்களுக்கு அது தங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

நாவலில் அவள் கதை எங்கே போய் முடிகிறது? தன் அத்தை மகனாக வளர்ந்த சேந்தன் அமுதனையே மணக்கிறாள். 'இவன் பூக்காரன்' என்று தெரிந்துதான் மணக்க முடிவு செய்கிறாள். அவன் தலையில் கிரீடம் ஏறுகிறது. அவள் சோழ நாட்டு அரசியாகிறாள். அரண்மனைக் கனவு கண்ட பெண், அந்தக் கனவை விட்டு அன்பைத் தேர்ந்தெடுத்த பிறகு, அரண்மனை தானாகவே அவளைத் தேடி வருகிறது.

மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் படித்த சாதாரண வாசகனுக்குக் கல்கி கொடுத்த பெரிய பரிசு இதுதான். ராஜாக்களும் மந்திரிகளும் சதி செய்து, சண்டை போட்டு, கடைசியில் கிரீடம் ஒரு மாலை கட்டுகிற பையனுக்கும் படகோட்டுகிற பெண்ணுக்கும் போகிறது. இரண்டாம் பாகப் படத்தில் பூங்குழலி மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய்விடுகிறாள். அந்தப் பரிசு பிரிக்கப்படாமலே போனது.

'என்னமோ குறையுது' என்று நாவல் வாசகர்கள் சொன்னதில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு ராஜாக்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நம்மவர்கள் வரவில்லை.

இதற்குப் பதில் உண்டா?

உண்டு. இயக்குநர் தரப்பில் நின்று பேசினால் இரண்டு நியாயங்கள் சொல்லலாம்.

முதலாவது, வரலாறு. உத்தம சோழன் கண்டராதித்தரின் மகன். கிரீடம் வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதால், மக்கள் வற்புறுத்தியும் அருள்மொழி ஒதுங்கிக்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. குழந்தை மாறிய கதையும் பூக்காரன் வேடமும் கல்கியின் கற்பனை. அதை நீக்கினால் படம் வரலாற்றுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. இரண்டாவது, நேரம். ஐந்து பாகத்தை இரண்டே முக்கால் மணி நேரப் படம் இரண்டுக்குள் அடக்க வேண்டும். யாரையாவது இறக்கிவிட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டுமே சரி. ஆனால் வரலாறுதான் காரணம் என்றால், நாவலிலும் இல்லாத ஒரு போரைப் புதிதாகச் சேர்ப்பானேன்? நேரம் இல்லை என்றால், அந்தப் போருக்கு மட்டும் நேரம் எப்படிக் கிடைத்தது? இறக்கிவிடப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், மனதில் தங்குகிற எளிய மனிதர்கள்.

கல்கிக்கே வந்த கடிதங்கள்

கடைசிப் பாகம் ஏமாற்றிவிட்டது என்ற புகார் இந்தப் படத்தோடு தொடங்கியதும் அல்ல. 1954-ல் தொடர்கதை முடிந்தபோதே, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் கல்கிக்கு எழுதினார்கள். நந்தினி என்ன ஆனாள்? வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் திருமணம் நடந்ததா? கரிகாலனைக் கொன்றது யார்?

கல்கி அதை அலட்சியம் செய்யவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சொன்னார். சரித்திரக் கதையில் எல்லா முடிச்சையும் அவிழ்க்க முடியாது என்றும் விளக்கினார். அதே ஆண்டு டிசம்பர் 5-ல் அவர் மறைந்துவிட்டார்.

கரிகாலன் கொலை விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொலையில் தொடர்புடையவர்களாக ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலியவர்களின் பெயரும், அவர்களின் உறவினர் சொத்து பறிக்கப்பட்டதும் அதில் வருகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது இல்லை. ஆயிரம் ஆண்டாக விடை கிடைக்காத கேள்வி அது. வாசகர்கள் அதை மன்னித்துவிட்டார்கள். ஏனென்றால் மணிமேகலைக்கும் சேந்தன் அமுதனுக்கும் பூங்குழலிக்கும் அவர் கணக்கைத் தீர்த்திருந்தார்.

ஹாலிவுட்டும் விதிவிலக்கல்ல

இது தமிழ் சினிமாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மாயாஜால சாகசப் படங்கள் பார்க்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 'தி ஹாபிட்' பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

டோல்கீன் 1937-ல் எழுதிய அந்த நாவல் சுமார் முந்நூறு பக்கம்தான். பீட்டர் ஜாக்சன் முதலில் இரண்டு படம் என்றார். 2012 ஜூலையில் மூன்று படம் என்று அறிவித்தார். மூன்றாவது படம் 2014 டிசம்பரில் வந்தது. இரண்டு படமாக நாம் காத்திருந்த டிராகன், படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முன்பே செத்துப்போனது. அதன் பிறகு முக்கால் மணி நேரத்துக்குப் போர்.

நாவலில் என்ன நடக்கிறது தெரியுமா? கதாநாயகன் பில்போ உருவத்தில் சின்னவன். போர் நடுவில் தலையில் கல் பட்டு மயங்கிவிடுகிறான். விழித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கிறது. டோல்கீனுக்குப் போரைவிட அந்தச் சின்ன மனிதன் முக்கியம். படத்தில் போர் பெரிதாகி, பில்போ தன் கதையிலேயே விருந்தாளியாகிவிட்டான்.

அதே இயக்குநர் 2003-ல் எடுத்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்திலும் பெரிய போர்தான். ஆனால் கடைசியில் புதிதாக முடிசூடிய அரசன், தன் இடுப்பளவு உயரமே உள்ள நான்கு பேர் முன்னால் தலை வணங்குகிறான். நாட்டு மக்கள் மொத்தமும் வணங்குகிறது. அந்தப் படத்துக்கு 11 ஆஸ்கர்.

2011-ல் வந்த 'ஹாரி பாட்டர்' கடைசிப் படமும் அப்படியே. வகுப்பில் எல்லோரும் கேலி செய்த தடுமாற்றக்காரப் பையன் நெவில், வாளை எடுத்துப் பாம்பை வெட்டுகிறான். ரசிகர்கள் மனநிறைவோடு வெளியே வந்தார்கள். ஒரே கதையை இரண்டாக, மூன்றாகப் பிரிப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஹாரி பாட்டரின் கடைசி நாவலும் இரண்டு படமாகத்தான் வந்தது. கடைசியில் யாரை மறக்காமல் கூப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடியாத கதையும் உண்டு

முடிவு சரியில்லை என்று வருந்தவாவது ஒரு முடிவு வேண்டுமே என்பதையும் வட சென்னைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். 2018 அக்டோபரில் வந்த வெற்றிமாறனின் 'வட சென்னை', அன்பு என்ற கேரம் விளையாட்டுக்காரனின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனது. அடுத்த பாகம் எப்போது என்ற கேள்வி ஏழு ஆண்டு தாண்டியும் ஓயவில்லை. சோழ இளவரசனைத் தேடிப்போகிற செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தது; இரண்டாம் பாகத்துக்கான அறிவிப்பு வந்தது, படம் வரவில்லை. அந்த வகையில், சொன்ன தேதியில் கதையை முடித்துக் காட்டியதற்காகப் பொன்னியின் செல்வன் குழுவுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

திருவொற்றியூர்க் கல் சொல்வது

படத்தில் வருகிற ராஷ்டிரகூடப் போர் கற்பனை என்றாலும், நிஜமான ராஷ்டிரகூடப் போர் ஒன்றின் சுவடு வட சென்னையிலேயே இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில்.

கி.பி. 949-ல் அரக்கோணம் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரும் போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். பொன்னியின் செல்வனில் நோயாளியாகப் படுத்திருக்கும் சுந்தர சோழருக்கு இவன் பெரியப்பா முறை. நாவல் தொடங்கும் வீராணம் ஏரியை வெட்டியதாகச் சொல்லப்படுபவனும் இவன்தான். சென்னைக்குக் குடிநீர் தருகிற அதே வீராணம்.

இந்த ராஜாதித்தனுக்கு வல்லபன் என்று ஒரு நெருங்கிய தோழன், கேரளத்துக்காரன். போரில் தன் இளவரசனோடு சேர்ந்து சாக முடியவில்லை. அந்தத் துயரம் தாங்காமல் கங்கைக்குப் போய் நீராடி, துறவியாகி, திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தான். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்குள்ள மடத்தின் தலைவரானார். வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டே அந்தக் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. பிற்காலத்தில் அதே பெயர் தாங்கிய மடத்தலைவர் ஒருவர் கேட்டுக்கொள்ள, ராஜேந்திர சோழன் காலத்தில் அந்தக் கோயிலின் கருவறை கருங்கல்லால் கட்டப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். தக்கோலத்தில் எத்தனை யானைகள், எத்தனை ஆயிரம் வீரர்கள் இருந்திருப்பார்கள்! திருவொற்றியூர்க் கல் அவர்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. போர் முடிந்த பிறகு தனியாக மிஞ்சி நின்ற ஒருவன் என்ன ஆனான் என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரு நல்ல கடைசிப் பாகம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

விடுமுறைக்கு ஒரு யோசனை

படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், கிரீடம் மதுராந்தகனுக்குப் போனதாகவே நினைத்துக்கொண்டு வளர்வார்கள். அது ஒரு முடிவு. இன்னொரு முடிவும் இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவு விலைப் பதிப்புகள் கிடைக்கின்றன, கிளை நூலகத்தில் கேட்டால் கிடைக்கும், செல்போனிலும் இலவசமாகப் படிக்கலாம். ஐந்து பாகமும் படிக்க நேரமில்லையா? 'தியாக சிகர'த்தின் கடைசிச் சில அத்தியாயங்களை மட்டுமாவது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். தொடர்கதை வந்த காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான் படித்தார்கள்.

பட்டாபிஷேக அத்தியாயம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி, 'கிரீடம் யாருக்குப் போகும், சொல்லு பார்க்கலாம்?' என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மாலை கட்டுகிற பையனை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.